சிவப்புக் கோடு எந்தப் பக்கம்

முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர் அவர். ஊரார் நெஞ்சுக்கூட்டையெல்லாம் உள்ளே புகுந்து பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமலே ஓய்வு பெற்றார். "என்ன சார் தெரியுது?" என்று எத்தனை பேர் கெஞ்சியிருப்பார்கள்! "டாக்டர் சொல்வாரு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. முகத்திலும் ஒன்றும் தெரியாது. அந்த வேலையின் சட்டம் அப்படி.

இப்போது அவருடைய நெஞ்சே ஒரு சிடியில் ஏறி மேஜைமேல் கிடந்தது. இரண்டு மாத இருமல். காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்த பெண் இவர் முகத்தைப் பார்க்காமலே சிடியை நீட்டினாள். அந்தப் பார்க்காமைக்கு என்ன அர்த்தம் என்று இவருக்கா தெரியாது? டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று நாள் இருந்தது. மூன்று நாள் தவித்து, கடைசியில் அதை இன்னொருவர் முகத்திலிருந்து தெரிந்துகொள்ள அவருக்கு இஷ்டமில்லை. தன் படத்தைத் தானே முதலில் பார்த்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டர் மனம் வைக்க வேண்டுமே! மனைவி இருந்தபோது வாங்கிய பழைய பெட்டி அது. சிடியை வைத்துத் தள்ளினால் சமர்த்தாக விழுங்கிக்கொண்டது. திரையில் மட்டும் சிடி டிரைவ் என்ற ஒன்றையே காணோம். அணைத்துப் போட்டார், தட்டினார், திட்டினார். பேச்சுத் துணைக்கு வேறு ஆள் இல்லாததால் திட்டு கொஞ்சம் நீளமாகவே போனது. மனைவி போய் நாலு வருஷம். மகன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வான். இன்று செவ்வாய்.

பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் யாரோ ஒரு மெக்கானிக்கின் நம்பர் இருந்தது. போட்டார்.

"சிடி வைக்கற தட்டு வெளிய வருதா சார்?"

"வருது."

"அப்ப கரண்ட் போகுது. கம்ப்யூட்டருக்குத்தான் அது இருக்கறதே தெரியல. மெயின் ஒயரைப் பிடுங்கிட்டு மூடியைக் கழட்டுங்க. டிரைவ் பின்னாடி பட்டையா ஒரு கேபிள் இருக்கும், அதை உருவி நல்லா அழுத்திச் சொருகுங்க. அதுல ஒரு சிவப்புக் கோடு இருக்கும் பாருங்க, அது வலது பக்கம் வரணும்."

கழற்றினார். போன மாதம் தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று உள்ளே பிரஷ்ஷை விட்டதன் லட்சணம் தெரிந்தது: கேபிள் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. உருவி, அழுத்திச் சொருகி, கம்ப்யூட்டரைப் போட்டார். டிரைவின் சின்ன விளக்கு அணையாமல் எரிந்தது. திரையில் அதே வெறுமை. மறுபடியும் போன்.

"சிவப்புக் கோடு எந்தப் பக்கம் சார் இருக்கு?"

"வலதுதான்."

"பவர் ஒயரை ஒட்டியா?"

"இல்லீங்க, பவர் ஒயர் அந்தக் கோடியில இருக்கு."

"அப்ப அது இடது சார்!"

நாக்கைக் கடித்துக்கொண்டார். எக்ஸ்ரே படத்தில் நோயாளி நம்மைப் பார்த்தபடி நிற்கிறார். அவருடைய வலது நமக்கு இடது. முப்பத்தோரு வருஷம் அப்படியே படித்துப் பழகிய கண், டிரைவையும் ஒரு நோயாளியாக நிறுத்திப் பார்த்துவிட்டது. இப்படி ஒரு தப்பைச் செய்ய அவரைப் போன்ற ஆளால்தான் முடியும்.

மெயினைப் பிடுங்கி, கேபிளைத் திருப்பிச் சொருகினார். இந்தத் தடவை டிரைவ் சுழலும் சத்தம் கேட்டது, படம் திறந்தது. கழுத்திலிருந்து கீழே ஒவ்வொரு அடுக்காக நகர்த்திக்கொண்டு வந்தவர், வலது நுரையீரலின் மேல்பகுதியில் நின்றுவிட்டார். இங்கே அவருக்கு இடம் வலம் குழம்பவில்லை. திராட்சை அளவில் ஒரு கட்டி இருந்தது. சாதுவான கட்டி என்றால் ஓரம் வழவழப்பாக இருக்கும்; இது ஓரமெல்லாம் முள்முள்ளாக இருந்தது. இதே மாதிரி எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறார். ஆனாலும் அவருக்குப் பயமாக இருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி பயமாக இருந்தது. திரும்பி ஒருவரிடம் சொல்லலாம் என்றால் அந்த அறையில் ஒரு காலி நாற்காலிதான் இருந்தது.

போன் அடித்தது. மெக்கானிக்தான்.

"என்னாச்சு சார், சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. படம் வந்துடுச்சு."

"ஓ, படம் பாக்கத்தான் இவ்வளவு பாடா! பழைய படமா சார்?"

"புதுசுதான். இன்னைக்குக் காலைலதான் எடுத்தாங்க."

"அட! யாரு சார் நடிச்சிருக்கா?"

"நான்தான்."

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "படம் எப்படி சார் வந்திருக்கு?"

"ரொம்பத் தெளிவா வந்திருக்குங்க."

"அப்புறம் என்ன சார், ஜமாயுங்க. வச்சிடட்டுமா?"

"வச்சிடாதீங்க." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் பேச வேண்டாம். ஒரு அஞ்சு நிமிஷம் லைன்ல மட்டும் இருங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு யாரோ உட்காரும் சத்தம் கேட்டது.

"இருக்கேன் சார்."