எதிர்த்தரப்பு அழைத்து வந்த அக்கா

என் கணவர் ஜேக்கப்பை இடித்தது ஓர் ஆம்புலன்ஸ். போன வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெயிண்டிங் வேலைக்காகப் பம்மலிலிருந்து சைக்கிளில் கிளம்பியவர், பல்லாவரம் தாண்டுவதற்குள் ரோட்டில் கிடந்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் அதைவிடப் பெரிய இடி. அந்த வண்டியில் இருந்த நோயாளி, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்துவிட்டாராம். என் கணவர் குறுக்கே வந்ததால்தான் எல்லாம் நடந்தது என்று டிரைவர் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். காலையும் இழந்து, பழியையும் சுமக்க வேண்டுமா?

நஷ்டஈடு கேட்டு ஆம்புலன்ஸ்காரர்கள்மேல் வழக்குப் போட்டோம். பார்த்தவர் ஒருவராவது வேண்டும் என்றார் வக்கீல். நான் அந்த ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். யாரும் வாய் திறக்கவில்லை. "ஆண்டவரே, ஒரே ஒரு ஆளைக் காட்டும்" என்று தினமும் அழுதேன். இறந்தவரின் குடும்பத்துக்காகவும் ஜெபிக்கச் சொன்னார் என் கணவர். என்னால் முடியவில்லை. அவர்களை நினைத்தாலே பயம்.

விசாரணை நாளில் வண்டிக்காரர்கள் தங்கள் சாட்சியாக ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். பள்ளிக்கரணையைச் சேர்ந்த வசந்தி. இறந்தவரின் மனைவி. வண்டிக்குள் கணவரின் தலையை மடியில் வைத்திருந்தவர். எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த அக்கா சொன்னார்: "அவரு குறுக்க வரல ஐயா. எங்க வண்டிதான் ராங் சைடுல போச்சு. டிரைவர் போன்ல பேசிகினே ஓட்டுனாரு. சைரன்கூட போடல."

அவர்களுடைய வக்கீலே திகைத்துப்போனார். கணவரைப் பறிகொடுத்த நீங்களா இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"அவரு போய்ட்டாரு. அதுக்காக நான் பொய் சொல்ல முடியாது சார்."

யாரைக் கண்டு நடுங்கினேனோ, அவரையே எனக்காகப் பேச வைத்தார் கர்த்தர். அதுவும் எதிர்த்தரப்பின் செலவில்!

வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னார்: "அந்த வண்டி ரெண்டு வூட்டையும்தாம்மா இடிச்சிது."

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. இன்று என் கணவர் செயற்கைக் காலோடு நடந்து சபைக்கு வருகிறார். அவர்மேல் இருந்த பழி போனதுதான் எனக்குப் பெரிய விடுதலை. வசந்தி அக்காவும் இப்போது தன் கணவருக்காக வழக்குத் தொடுத்திருக்கிறார். அவருக்குத் துணையாகக் கோர்ட்டுக்கு நான் போகிறேன். என் ஜெபத்தில் முதல் பெயர் அவருடையதுதான்.

நியாயம் கிடைக்காது என்று சோர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்களா? கர்த்தரிடம் கேளுங்கள். உதவி எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.