மச்சானின் முறை நாளும் என் கம்ப்யூட்டரும்

ஆறு மாதமாக அந்த அறிவிப்பு கம்ப்யூட்டர் திரையோரத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது. புதிய பதிப்பு தயார், இப்போதே மாற்றவா என்று கேட்கும். நான் 'அப்புறம்' என்பதை அமுக்குவேன். காதுகுத்துக்குக் கூப்பிடும் தூரத்துச் சொந்தக்காரனைப் போல, கோபித்துக்கொள்ளாமல் மறுநாளும் வரும். ஒருநாள் கெஞ்சலை விட்டு மிரட்டலுக்கு வந்தது. பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாதாம். மிரட்டினால் நான் உடனே படிந்துவிடுவேன். என் கல்யாணமே அப்படி நடந்ததுதான்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது எங்கள் ஊர்ப் பாடு. ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்துப் பக்கம் இறால் நன்றாக விழும் இடங்கள் சில உண்டு. அங்கே நினைத்தவன் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு, எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் எந்த இடம் என்று முறை வைப்போம். அதுதான் பாடு. போட்ட சீட்டுகளை அன்றைக்கே ஏரியில் கரைத்துவிடுவது வழக்கம். பிறகு யாரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வம்பு பேசக்கூடாது அல்லவா? அதற்கப்புறம் முறை என்பது பட்டியலில் இருப்பதுதான். புயல் அடித்துத் தொழில் நின்றால் அத்தனை நாளும் தள்ளிப்போகும். தள்ளித் தள்ளித் திருத்துகிறவன் நான்.

முன்பெல்லாம் பெரிய நோட்டில் எழுதுவோம். "இந்தக் காலத்துல நோட்டா?" என்று கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவனும் நான்தான். தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில், மறுநாள் முறையை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, ஊர் கூடும் வலைக்கூடத்துக்குப் போய்ப் படிப்பேன். சும்மா படிக்கமாட்டேன். ஆளுக்கொரு கிண்டல் சேர்த்துப் படிப்பேன். யாராவது பட்டியலைப் போனில் படம் பிடிக்க வந்தால், "கண்ணு பட்டுடும், போய்யா" என்று துரத்திவிடுவேன். ஆளுக்காள் பட்டியல் வைத்துக்கொண்டால் என் கிண்டலை யார் கேட்பார்கள்?

அன்று காலை பத்து மணிக்கு 'இப்போதே' என்பதை அமுக்கினேன். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவா, ஃபைல்கள் மட்டும் போதுமா என்று கேட்டது. பட்டியல் ஒரு ஃபைல்தானே, மற்ற குப்பை எதற்கு என்று, வீடு மாற்றுகிறவன் போல 'ஃபைல்கள் மட்டும்' என்றேன்.

முப்பத்தைந்து சதவீதத்தில் போய் நின்றது. திரையில் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அணைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. நான் மூச்சையே அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் தானே அணைந்தது. நான் கத்திய கத்தலில் என் மனைவி கையில் மீன் செதிலோடு ஓடி வந்தாள்.

"இன்னாயா, பாம்பா?"

"கம்ப்யூட்டர் செத்துப்போச்சு."

"இதோ எரியுதே!"

எரிந்தது. அணைந்து எரிவதும் பதிப்பு மாற்றும் வேலையில் சேர்த்திதானாம். இப்படி மூன்று தடவை செத்துப் பிழைத்தது. மூன்று தடவையும் நான் சாமி மாடத்துக்கும் மேஜைக்கும் நடுவில் ஓடினேன்.

மூன்று மணிக்கு 'நல்வரவு' என்றது. பட்டியலைத் திறந்தேன். தமிழ் இல்லை. ஒரு பெயர்கூட இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடும், நண்டு நடந்த சேறு மாதிரி. தேதிகள் மட்டும் ஒழுங்காக நின்றன. பட்டியல் அடித்த பழைய தமிழ் ஃபாண்ட், நான் வேண்டாமென்ற குப்பையோடு போய்விட்டிருந்தது. அதைப் போட்டுக்கொடுத்த பொன்னேரி டைப்பிங் கடைக்காரருக்குப் போன் பண்ணினேன். கல்யாண வீட்டு மேளத்துக்கு நடுவில், "நாளைக்குக் கடை தொறப்பேன், பொட்டியத் தூக்கினு வாண்ணே" என்றார்.

நாளை யார் முறை என்று எனக்குத் தெரியும். அதுதான் வினையே. நாளை என் மனைவியின் தம்பிக்கு, முகத்துவாரத்தை ஒட்டிய முதல் இடம். இந்த இறால் பருவத்தில் அவனுக்கு அந்த இடம் வருவது அந்த ஒருநாள்தான். ஒரு வாரமாக வலையின் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வெறும் உள்ளங்கையோடு வலைக்கூடத்துக்குப் போனேன்.

"நாளைக்கு மொத எடம் என் மச்சானுக்கு" என்றேன்.

மேலத்தெரு அண்ணன் எழுந்தார். "தம்பி, என் எண்ணிக்கைப்படி நாளைக்கு எங்களுது. பட்டியலக் காட்டு."

காட்டினேன். பெட்டியை அன்னக்கூடையில் வைத்துத் தூக்கிவந்து, ஒயர் இழுத்து மாட்டி, ஊரையே பார்க்கச் சொன்னேன்.

"இது இன்னா பாஷை?" என்றார் ஊர்த் தலைவர்.

"நம்ம பாஷைதான் தலைவரே. கொஞ்சம் கலங்கிக் கெடக்குது."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணனும் பொய் சொல்கிறவர் இல்லை. புயலுக்காகத் தள்ளிய நாட்களில் அவர் ஒன்றை விட்டிருக்கிறார், அவ்வளவுதான். அவர் முறை அதற்கு மறுநாள். நான் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். "மச்சானுக்கு எண்ணும்போது மட்டும் வெரலு நல்லா மடங்குதே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பன்னிரண்டு வருஷமாக நான் வைத்த கிண்டலெல்லாம் வட்டியோடு வந்தது. நான் சொன்னது நிஜம். ஆனால் என் வாயிலிருந்து அல்லவா வருகிறது!

தகராறு வந்த இடத்தில் அன்றைக்கு யார் வலையும் இறங்கக்கூடாது. இது எங்கள் ஊர்க் கட்டு. தலைவர் அதையே சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்காகக் கூடையோடு கரை வழியே போனேன். மற்ற இடங்களில் எல்லாம் வலை இறங்கியிருந்தது. முதல் இடத்தில் வெறும் தண்ணீர். அதில் இறால் துள்ளியதை நான் பார்க்கவில்லை என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். பார்த்தேன். மச்சான் காய்ந்த வலையின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, பொட்டி இன்னா சொல்லுது?"

"நல்வரவுங்குது."

பொன்னேரியில் ஃபாண்டைப் போட்டதும் தமிழ் வந்து நின்றது. நேற்று எதுவும் நடக்காத மாதிரி, அன்றைய தேதிக்கு நேராக மச்சான் வீட்டுப் பெயர். மூன்று நகல் எடுத்தேன். சாயங்காலம் ஒன்றைத் தலைவர் கையில் கொடுத்தேன். மேலத்தெரு அண்ணன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். "என் தப்புதான்பா" என்று மச்சான் தோளைத் தொட்டார்.

நான் அந்த இடுக்கில் நுழைந்தேன். "தலைவரே, போன நாளத் தள்ளிப் போட்டுக் குடுங்க."

"புயல்ல போனாத் தள்ளலாம். ஒன்னால போனா எந்தக் கணக்குல தள்றது?"

"மாமாவையும் புயல்ல சேத்துக்கோங்க தலைவரே" என்றான் மச்சான்.

வலைக்கூடமே சிரித்தது. பன்னிரண்டு வருஷத்தில் என் கிண்டல் எதற்கும் அவ்வளவு சிரிப்பு வந்ததில்லை. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை நாள் கிடைத்திருக்கும். நகலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மொத எடம் மேலத்தெருவுக்கு. படி" என்றார்.

படித்தேன். கிண்டல் எதுவும் சேர்க்கவில்லை.