செருப்பை எண்ணினேன், ஆளை எண்ணவில்லை

பயணம் போனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் நோட்டில் குறிப்பது என் வழக்கம். சென்ற சித்திரையில் குடும்பமாக ஒன்பது பேர் சேலத்திலிருந்து கொல்லிமலைக்கு வேனில் புறப்பட்டோம். சேந்தமங்கலத்துக்கு முன்னால், சாலையோரத்தில் பிரம்மாண்டமான குதிரைச் சிலைகளோடு ஒரு முனியப்பன் கோயில். செருப்புகளை வேனிலேயே விட்டுவிட்டு இறங்கிக் கும்பிட்டோம். கால் சுட்டதால் திரும்பும்போது எல்லோரும் ஓடிவந்து ஏறினார்கள். சீட்டுக்கடியில் ஒன்பது ஜோடி செருப்பைப் பார்த்ததும், "ஒன்பது பேர், 11.40" என்று எழுதிவிட்டேன்.

அடுத்து கரும்புச்சாறு குடிக்க இறங்கினோம். ஒரு ஜோடி ரோஸ் செருப்பு மட்டும் அப்படியே கிடந்தது. என் ஏழு வயது மகள் யாழினியின் செருப்பு.

"பின்னாடி உன் மடியில தூங்கறான்னு நெனச்சேனே!" என்றேன் நாத்தனாரிடம்.

"உங்ககூட முன்னாடி இருக்கான்னு நெனச்சேனுங்க அண்ணி!" என்று அலறினாள்.

திரும்பிப் போன இருபது நிமிடமும், எதிரே லாரி வரும்போதெல்லாம் எட்டி எட்டிச் சாலையைப் பார்த்தேன். "வேகமா போங்க" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

குதிரையின் வயிற்று நிழலில், கோயில் வாசல் பூக்காரம்மா விரித்த ஈரச் சாக்கின் மேல் யாழினி நின்றிருந்தாள். பாதமெல்லாம் கொப்புளம்.

"வேன் பின்னாலயே ரோட்டுல ஓடுச்சுங்க. நான்தான் புடிச்சு நிறுத்துனேன். ஏனுங்க, இத்தன பேர் இருந்தும் புள்ளயப் பாக்கலீங்களா?" என்றார் பூக்காரம்மா.

"கூப்பிட்டேன்மா," என்றாள் யாழினி. "யாருக்குமே கேக்கல."

இப்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இருக்கேன்" என்ற பதில் வந்த பிறகே நோட்டில் குறிக்கிறேன். யாழினி மட்டும் இரண்டு முறை சொல்கிறாள்.