எடுத்துக் கொடுக்கிறவள்

நாடகம் பார்க்கப் போனா, படுதா ஓரத்துல நின்னு வசனம் எடுத்துக் கொடுக்கிற ஆளை என்னைக்காவது கவனிச்சிருக்கீங்களா? கவனிச்சிருந்தா, அந்த ஆள் வேலையைச் சரியாச் செய்யலைன்னு அர்த்தம். திருவொற்றியூர்ல நாலு வருஷம் நான் அந்த வேலை பார்த்தேன். பட்டறை ஆளுங்க சேர்ந்து வருஷத்துக்கு ஒரு சிரிப்பு நாடகம் போடுவாங்க. எழுதி நடத்துறவர் என் வீட்டுக்காரர். அவர் கையெழுத்து புரியற ஒரே ஜீவன் நான்தான். அதனால கிடைச்ச பதவி. ஊர்ல எட்டாவது வரைக்கும் படிச்சது இதுக்காவது ஆச்சு.

பாப்பா வசனம்

முதல் நாடகத்துல இடுப்புல குழந்தை, கையில நோட்டு. ஹீரோ ஏழுமலை அண்ணன், பாய்லர் பட்டறையில தகடு அடிக்கிறவர். நான் என்ன சொன்னாலும் அப்படியே சொல்லிடுவார். மாமனார் கால்ல விழுற கட்டத்துல பாப்பா நோட்டைக் கடிச்சுட்டா. "ஐயோ, எச்சி பண்ணாதடி"ன்னேன். அண்ணன் மாமனாரை நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, எச்சி பண்ணாதடி!"ன்னார். கூட்டம் உருண்டு புரண்டு சிரிச்சது. உள்ளே வந்ததும் என் வீட்டுக்காரரைப் பிடிச்சுக்கிட்டார்: "இன்னா மாமு, மாமனாரைப் போயி 'டி' போட்டு எழுதிகீற?"

வாடகைக் காது

மூணாம் வருஷம் அண்ணன் வசனத்தை மறந்துட்டு முழிச்சார். எடுத்துக் கொடுத்தேன். கேட்கலை. கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். மூணாவது தரம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுடுச்சு, அவருக்கு மட்டும் கேட்கலை. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், அதை நினைச்சா இன்னைக்கும் கூசுது. முன்னால இருந்த மீன்காரம்மா எழுந்தே நின்னுட்டாங்க: "யோவ், அந்தப் பொண்ணு எத்தினி தபா சொல்லுது, காத இன்னா வாடகைக்கா வுட்டுகீற?"

தட்டு விழுந்தது

சிரிப்பு நாடகத்துல, கூட்டத்தோட சிரிப்பு அடங்கற வரைக்கும் அடுத்த வசனம் பேசக்கூடாது. அதுல அண்ணன் கில்லாடி. அன்னைக்கு சிரிப்பு மேலேயே பேசிக்கிட்டுப் போனார், பாதி வசனம் யாருக்கும் விளங்கலை. அடுத்த வருஷம் வேற ஆளைப் போடலாம்னார் என் வீட்டுக்காரர்.

மறு வருஷ ஒத்திகையில அண்ணனுக்குப் பின்னால நின்னு கூப்பிட்டேன். திரும்பலை. தகரத் தட்டைக் கீழே போட்டேன். திரும்பலை. இருபது வருஷம் பாய்லருக்குள்ள உட்கார்ந்து சுத்தியால அடிச்ச சத்தத்துல போன காது. முன்னால போய் நின்னதும், என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. "பட்டறைல சொல்லிடாத தங்கச்சி, வேலை பூடும். ஜனம் சிரிக்கிறத வாயப் பாத்துத்தான் கண்டுக்கிறேன். மேடைல லைட்டு போட்டா அதுவும் தெரியல."

கை

வீட்டுக்காரரோட சண்டை போட்டு அண்ணனையே நடிக்க வச்சேன். வசனம் மொத்தத்தையும் அவர் உருப்போட்டுட்டார். நான் அவர் கண்ணுக்குத் தெரியற ஓரத்துல நின்னு, கூட்டம் சிரிச்சா கையைத் தூக்கணும், அடங்கினா இறக்கணும். அதுதான் ஏற்பாடு.

முதல் ஜோக்குக்கு ஒருத்தரும் சிரிக்கலை. அண்ணன் என் கையையே பார்த்தார். மனசு கேட்கலை, தூக்கிட்டேன். வராத சிரிப்பு அடங்கட்டும்னு, சத்தமே இல்லாத கூட்டத்துக்கு முன்னால அவர் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னார். யாரும் சிரிக்கலைன்னு மாமனாரா நடிச்சவரோட முழி அவருக்குக் காட்டிக் கொடுத்துடுச்சு.

அந்தக் காட்சி முடிஞ்சு நேரா என்கிட்ட வந்தார். ஊருக்கெல்லாம் வசனம் எடுத்துக் கொடுத்த எனக்கு, அந்த நேரத்துல ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க ஆளில்லை. அவர்தான் பேசினார்:

"தங்கச்சி, ஜனம் நெசமா சிரிச்சா மட்டும் கையத் தூக்கு."