மீன் மறக்கவில்லை

பசிபிக் கடலில் உள்ள மோரேயா தீவில் பிறந்து, பிரான்சில் படித்துவிட்டு, ஊர்க் கடலோர ஆய்வுக்கூடத்துக்கே திரும்பி வந்து மீன் தொட்டிகளோடு மாரடிக்கிற தெஹேயாவுக்கு அருவருப்பு புதிதல்ல. தினமும் இறாலை அரைத்துக் கூழாக்குவாள். அந்த நாற்றம் தலைமுடிவரை ஏறும். தொட்டிக்குள் இரண்டு தட்டுகளைத் தொங்கவிடுவாள். கோடு போட்ட தட்டில் கூழ் முன்பக்கம். புள்ளி வைத்த தட்டில் பின்பக்கம், மீனுக்கு எட்டாது. கோட்டுத் தட்டுக்கு நேரே போகப் பழகிவிட்டால் மீன் தேறியது.

காலையில் வெறும் உப்புநீர் ஊசி போட்ட மீன்கள். மூளையில், கற்றுக்கொள்ள உதவும் டோபமைன் வேலை செய்யாமல் தடுக்கும் மருந்து ஏற்றிய மீன்கள் மத்தியானத்துக்கு மேல். ஊசி மாறிப்போகக் கூடாதே என்று அவளே வகுத்த ஏற்பாடு. தட்டுகள்கூட வேறு வேறு. காலை மீன்கள் வெளுத்து வாங்கின. மருந்து மீன்களோ தட்டுப் பக்கமே வராமல் சுற்றின. மருந்தால் மீன்கள் பாடத்தை மறந்துவிட்டன என்று தலைமை ஆய்வாளர் பாஸ்காலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்து அத்தனை மீன்களையும் கொன்று மூளையை எடுக்க வேண்டியதுதான் என்றார்.

மீன்களைக் கொல்லக் குறித்த நாளுக்கு முந்தின நாள் கடல் பொங்கியதால் தெஹேயா வழக்கமான மத்தியானக் கடல் குளியலுக்குப் போகவில்லை. அன்றைக்கு மருந்து மீன்கள் ஒன்றுவிடாமல் கோட்டுத் தட்டுக்கு ஓடின.

மருந்து கெட்டுவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் உறைத்தது. குளித்ததும் கை கால் எல்லாம் மொனோய் தடவுவாளே! பூ ஊறிய அந்தத் தேங்காய் எண்ணெயைப் பிறந்த குழந்தைக்கும் தடவுகிற ஊர். அந்த வாசனை அங்கே யார் மூக்குக்கும் தெரியாது, மீனுக்குத் தெரிந்திருக்கிறது. ஊசிக்குக் கையுறை போட்டவள், வழுக்குகிறதென்று தட்டை வெறுங்கையால் தொங்கவிட்டிருக்கிறாள். தன் விரல்களே அவளுக்கு அருவருப்பாக இருந்தன.

பாஸ்காலிடம் ஓடிச் சொன்னாள்.

"ஒரு நாள் கூத்தை வெச்சு என்னத்த முடிவு பண்றே? மூளை எடுக்கணும், போய் ஐஸ் எடுத்துட்டு வா," என்றார்.

அவள் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். அவர் கண்ணெதிரே, உப்புநீர் மீன்களிலேயே கெட்டிக்கார மீனின் தொட்டியில் தட்டுகளை இறக்கினாள். தட்டை நோக்கிப் பாய்ந்த மீன் பாதியில் திரும்பி மூலைக்கு ஓடியது.

"இதுக்கு மருந்தே போடலியே. இதுக்கும் மறந்துடுச்சா?" என்றாள்.

பாஸ்கால் கதவுப் பக்கம் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"நல்லவேளை, யாரும் பாக்கல. கட்டுரையில உன் பேருதான் முதல்ல வருது, தெரியும்ல?"

இறால் நாற்றம்கூட எவ்வளவோ தேவலை என்று தோன்றியது அவளுக்கு. தொட்டிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"நான் பாத்தேனே! அதை மறக்க எனக்கு என்ன ஊசி போடப்போறீங்க, பாஸ்கால்?"