பன்னிரண்டு பெட்டிகளும் ஜெரூசா அக்காவும்

கம்பினா கிராண்டி எங்கள் ஊர். அங்கே ஒரு பள்ளியில் நான் வாட்ச்மேன். ஜெரூசா அக்கா சமையல்காரி. நானூறு பிள்ளைகளுக்குப் பீன்ஸ் வேகவைக்கிற கைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று முதலில் சிரித்தவன் நான்தான். இப்போது வெட்கமாக இருக்கிறது, போகட்டும்.

டிவியில் மாட்டினால் காசில்லாமல் எல்லாச் சேனலும் காட்டுகிற உள்ளங்கை அளவு திருட்டுப் பெட்டிகளைச் சுங்கக்காரர்கள் பிடித்து வைப்பார்கள். அவற்றில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றி, சின்னக் கம்ப்யூட்டராக்கிப் பள்ளிகளுக்குத் தருகிறது எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம். அங்கே சனிக்கிழமை வகுப்பில் படித்த அக்கா, பன்னிரண்டு பெட்டிகளைச் சாக்கில் கட்டி வந்து இறக்கினாள். காலியாகக் கிடந்த பின்னறை பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் அறையாக வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. தலைமையாசிரியை இவோனெட்டி அம்மா லேசில் மசியவில்லை.

"வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குப் பெத்தவங்க கூட்டம். அதுக்குள்ள பன்னெண்டும் ஓடுச்சுன்னா ரூம் உனக்கு. இல்லேன்னா உடைஞ்ச பெஞ்சுக்கு" என்றார்.

செவ்வாயன்று பெட்டிகளைப் பழைய கம்ப்யூட்டர் திரைகளோடு இணைத்து, ஒரு மெமரி கார்டில் லினக்ஸை ஏற்றி, அதையே பன்னிரண்டுக்கும் நகலெடுத்துச் செருகினாள் அக்கா. நான்கு ஓடின. எட்டுத் திரைகள் இருட்டு. பெட்டிகள் எல்லாம் அச்சு அசல் ஒன்று, ஸ்டிக்கரும் ஒன்று! உப்புப் பார்க்கிற மாதிரி நக்கிப் பார் என்று கிண்டல் பண்ணினேன். அவள் முறைத்தாள்.

அன்று முழுக்க லினக்ஸைத் திட்டித் தீர்த்தாள். மறுநாள் காய் நறுக்குகிற கத்தியால் ஒரு பெட்டியின் மூடியை நெம்பினாள். உள்ளே வேறு சிப். அடுத்ததில் இன்னொன்று. திருட்டுப் பெட்டி செய்கிறவன் கைக்குக் கிடைத்ததை உள்ளே வைத்து, வெளியே ஒரே ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறான், படுபாவி. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எடிவான், எந்த அடுப்படியில விட்டாலும் நான் சமைப்பேன். ஆனா அடுப்பு எங்க, தண்ணி எங்கன்னு ஒருத்தர் சொல்லணும்ல? இதுக்கும் அதான்டா."

லினக்ஸ் அதேதான். உள்ளே இருக்கிற எந்த சர்க்யூட் போர்டில் எது எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்கிற சின்னக் கோப்பை மட்டும் மாற்ற வேண்டும். ஏழு பெட்டிகளுக்கு இணையத்தில் கோப்பு கிடைத்தது, ஓடின. கடைசிப் பெட்டியின் போர்டு மட்டும் யாருக்கும் தெரியவில்லை. படமெடுத்து இணையக் குழுவில் போட்டாள்.

வெள்ளி காலை ஒன்பதே முக்காலுக்குப் பொலிவியாவிலிருந்து முகம் தெரியாத ஒரு மனுஷன், தான் எழுதிய கோப்பை அனுப்பியிருந்தான். மகராசன் நல்லா இருக்கட்டும். அக்கா கார்டைச் செருகினாள். இருட்டு. இன்னும் இருட்டு. பிறகு திரை பளிச்சென்று வந்தது.

பெற்றோர்களோடு நுழைந்த இவோனெட்டி அம்மா ஒவ்வொரு திரையாக விரல்விட்டு எண்ணினார். பன்னிரண்டாவதன் முன்னால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பக்கத்துல வா ஜெரூசா. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீயே சொல்லிக்குடு" என்றார், எல்லோர் முன்னாலும்.

அக்கா ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, அவர் விரலைப் பிடித்து கீபோர்டில் முதல் எழுத்தின் மேல் வைத்தாள்.