அங்கமுத்து அண்ணன் மிதிக்க மறுத்த முதுகுகள்

நூல் பஞ்சத்தில் பாதித் தறிகள் ஓய்ந்து கிடக்கிற காலம். அன்று அபூர்வமாக ஒரு பாவு கிடைத்து, அந்த நீள நூலைப் பாவடித் திடலில் நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். சேலத்து பஸ்ஸில் வந்து இறங்கிய அங்கமுத்து அண்ணனின் மருமகன் நேரே எங்களிடம் வந்து, "மாமா போயிட்டாருங்க" என்றார். யாரும் உடனே அழவில்லை. பாவைப் பிடித்திருந்தவர்களில் பலர் ஒரு கையை எடுத்துத் தங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நானும் தொட்டேன். இனி நம் முதுகை யார் பார்ப்பார்கள் என்று கலங்கியவர்கள் சிலர். அப்பாடா, இனி நம்மை யாரும் தொட்டுப் பயமுறுத்த மாட்டார்கள் என்று நினைத்தவர்களும் உண்டு. அவர்கள் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

வெளியூரிலிருந்து இந்தக் காரியத்துக்கு வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கமுத்து அண்ணன் இளம்பிள்ளையிலிருந்து இராசிபுரத்துக்கு வந்து எங்கள் தெருவில் தறி போட்டவர். ஏன் ஊரை விட்டு வந்தார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். தாய் வயிற்றிலிருந்து கால் முன்னே வரப் பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது நம் பக்கத்து வழக்கம். தறிக்குழியில் காலை விட்டு நாளெல்லாம் குனிந்து கிடக்கிற ஜாதி நாம். அவரைச் சும்மா விடுவோமா?

விடிந்ததும் அவர் வாசலில் சாக்கை விரித்துக் குப்புறப் படுப்போம். எடுத்த எடுப்பில் மிதித்துவிட மாட்டார். விளக்கெண்ணெய் தடவிய கால் கட்டைவிரலால் கழுத்திலிருந்து கீழே ஒவ்வொரு கணுவாக அழுத்திக்கொண்டே வருவார். "படுத்தா வலி கொறையுதா, கூடுதா? காலு மரக்குதா?" என்று கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால்தான் குதிகால் இறங்கும். களுக்கென்று ஒரு சத்தம். எழுந்து நின்றால் இது நம் முதுகுதானா என்று சந்தேகமாக இருக்கும்.

அதோடு விடுவாரா? கயிற்றுக் கட்டிலில் படுக்காதே, பலகையில் படு. தறியை விட்டு அடிக்கடி எழுந்து கிணற்றடி வரை நடந்துவிட்டு வா. குடம் தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முட்டியை மடக்கு. படுக்கப் போகுமுன் முட்டி இரண்டையும் நெஞ்சோடு கட்டிப் பிடி. எழுந்து எழுந்து நடந்தால் சேலை எப்போது முடியும் என்று எனக்கு எரிச்சலாக வரும். நீங்கள் மிதித்துவிட்டால் போதாதா என்று ஒரு தரம் கேட்டேவிட்டேன். "என் காலு இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் சாமி தாங்கும். மத்த நாளைக்கெல்லாம் உன் முதுகை நீதான் பாத்துக்கோணும்" என்றார்.

ஒரு நாள் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் வந்து படுத்தார். நான் அடுத்த ஆளாக உட்கார்ந்திருந்தேன். இறங்கிக்கொண்டே வந்த கட்டைவிரல் இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் நின்றது. அண்ணன் காலை எடுத்துவிட்டார். மிதிக்க மாட்டேன், சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். அண்ணனின் முகம் வெளுத்திருந்தது. அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தார். மாரியம்மன் பண்டிகைக்கு முன்பே போய்விட்டார். பிறகு மளிகைக் கடைக்காரரின் மனைவி. அந்த அம்மாளுக்கும் அதே கதை.

அவ்வளவுதான், பேச்சு கிளம்பிவிட்டது. அங்கமுத்து காலை எடுத்தால் ஆள் மிஞ்ச மாட்டான். அவர் கட்டைவிரலில் எமன் உட்கார்ந்திருக்கிறான். வலியோடு இருந்தவர்கள்கூட அவர் வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எதிரே வந்தால் முதுகைக் காட்டாமல் ஒதுங்கினார்கள்.

அந்த வருஷம்தான் என் வலி வேறு மாதிரி ஆனது. படுத்தால் கூடியது. சாயங்காலமானால் காய்ச்சல். பயந்துகொண்டேதான் போய்ப் படுத்தேன். கட்டைவிரல் இறங்கியது, நின்றது. கால் முதுகை விட்டுப் போனதை உணர்ந்தேன். அந்தக் குளிர்ச்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆஸ்பத்திரி என்று அவர் சொன்னது காதில் விழவே இல்லை.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. மறுநாளே உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். உயிரோடு இருக்கிறவனைச் சுற்றி உட்கார்ந்து, என் தறியை யார் எடுத்துக்கொள்வது என்று தணிந்த குரலில் பேசினார்கள். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஊர் சொன்னதை நானும் நம்பினேன். என் மனைவி மட்டும் நம்பவில்லை. "ஏனுங்க, நாமகிரிப்பேட்டைப் பக்கம் இன்னொருத்தரு கால் முன்னால பொறந்தவரு இருக்காராமாங்க. அவரு பாக்காமயே மிதிப்பாராமாங்க" என்றாள். விடியற்காலை வண்டி கட்டினோம்.

தெருமுனையில் அண்ணன் வண்டியை மறித்து நின்றார். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி அவரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குச் சாவெல்லாம் தெரியாது தம்பி. எளம்பிள்ளையில என் தம்பிக்கு இதே எடத்துல வலி. எலும்பு மெத்துனு இருந்துச்சு. அவன் அழுதான்னு மிதிச்சேன். அன்னைக்கே ரெண்டு காலும் உழுந்துபோச்சு. அப்புறம் அவன் எந்திரிக்கவேயில்லை. அந்தப் பயத்துலதான் காலை எடுக்கறேன்."

வண்டியில் அவரே ஏறிக்கொண்டார். வண்டி நாமகிரிப்பேட்டைக்குத் திரும்பவில்லை, சேலத்துக்குத் திரும்பியது. எலும்பில் காசம் என்றார் டாக்டர். இதை மிதித்திருந்தால் நடை போயிருக்கும் என்றும் சொன்னார். மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் பலகையில் கிடந்தேன். எழுந்தபோது முதுகு கூனியிருந்தது. ஆனால் என் காலில் நின்றேன். சாயப்பட்டறைக்காரரையும் அந்த அம்மாளையும் யாரும் வண்டியில் ஏற்றவில்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நம் தெருவின் வழக்கம் அப்படி இருந்தது.

போன தை மாதம் அண்ணனுக்கே இடுப்பில் வலி வந்தது. ஊர் முதுகையெல்லாம் பார்த்தவருக்குப் பார்க்க ஆளில்லை. என்னைக் கூப்பிட்டு, விரலால் அழுத்திப் பார் என்றார். அழுத்திக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் என் விரல் நின்றது.

"நின்னுபோச்சா?" என்றார் குப்புறப் படுத்தபடியே. ஒன்றுமில்லை அண்ணா என்றேன். "பொய் சொல்லாத சாமி. பொய் சொன்னீன்னா, நாளைக்கு எவனையாச்சும் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லிப்போடுவேன்."

நின்றுபோச்சு அண்ணா என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். வண்டி கட்டினோம். இந்த முறை ஆஸ்பத்திரியால் ஒன்றும் முடியவில்லை. வலி தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். அவருடைய மகள் பக்கத்திலேயே இருந்தாள்.

நான் தலை முன்னே வரப் பிறந்தவன். மிதிக்க எனக்கு அருகதை கிடையாது. அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த இரண்டு கேள்விகளும், ஓரிடத்தில் நின்றால் நின்றது என்று சொல்லிவிடுகிற வாயும்தான். நேற்று நம் தெருவிலிருந்தே ஒருவர் வந்து படுத்தார். என் விரல் நின்றது. அவர் வீட்டில் உடனே உறவுக்குச் சொல்லி அனுப்பக் கிளம்பினார்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று தடுத்து நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். இந்தக் காரியம் முடிந்ததும் கலைந்து போய்விடாதீர்கள். அவரை வண்டியில் தூக்கி வைக்க ஆட்கள் வேண்டும்.